கெசல்கமுவ ஓயாவின் தண்ணீரை அளப்பது யார்?

கடந்த பெப்ரவரியில் ஒரு காலை நோர்வூட் பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். ஆறு பால் தேத்தண்ணி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரமாக மழை இல்லை. மழை இல்லாமல் ஆறு ஏன் கலங்குகிறது என்று பாலத்துக்குப் பக்கத்தில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே பொகவந்தலாவைப் பக்கம் கையைக் காட்டினார்.

"மேல கல்லு தோண்டுறாங்க. ராத்திரி தோண்டி ராத்திரியே கழுவிட்டுப் போயிருவாங்க. விடிஞ்சா இங்க இப்படித்தான் வரும். மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் தெளியும்."

"இந்தத் தண்ணிய யாரும் குடிக்கிறாங்களா?"

"கொழும்புல குடிக்கிறாங்களே" என்று சிரித்தார்.

அவர் பகிடியாகச் சொன்னாலும் சொன்னது உண்மை. நோர்வூட் பாலத்துக்குக் கீழே போகும் இந்தத் தண்ணீர்தான் களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகிறது. போகும் வழியில் பல மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டுப் போகிறது. கொழும்பில் அந்தத் தண்ணீரை ஆய்வுகூடத்தில் பரிசோதித்து, வடிகட்டி, குளோரின் போட்டுத்தான் குடிக்கிறார்கள். ஆற்றின் தலைமாட்டில் இருக்கிறவர்கள் என்ன குடிக்கிறார்கள், அதை யார் பரிசோதிக்கிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

எனக்கும் இந்த ஆற்றுக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு தாத்தா குடும்பத்தோடு கிளிநொச்சிக்குப் போனார். அதற்கு முந்தைய வருடமே கலியாணமாகியிருந்த பெரியம்மா மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். அப்படிப் பிரிந்த குடும்பங்கள் வன்னியில் ஆயிரக்கணக்கில் உண்டு. இதை வாசிக்கிறவர்களில் சிலரின் வீட்டிலும் பெயர்ப்பலகையில் இல்லாத ஒரு மலையகத் தோட்டத்தின் பெயர் இருக்கும். 2009இல் மெனிக் பாமில் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது அம்மா ஒருநாள் சொன்னார்: "எங்க ஊர்ல தண்ணிக்கு வரிசையே கெடையாது. பீலியில இரவு பகலா கொட்டிக்கிட்டே இருக்கும்." அந்தப் பீலியைப் பார்க்கத்தான் நான் முதன்முறையாக நோர்வூட்டுக்குப் போனேன். அதன் பிறகு பலமுறை போய்விட்டேன்.

*

ஆற்றின் வழியை முதலில் பார்ப்போம். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள மலைகளில் ஊறும் ஓடைகள் சேர்ந்து கெசல்கமுவ ஓயாவாகி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மேற்கே இறங்கி, நோர்வூட்டைக் கடந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. நோர்வூட் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டிக்கோயாப் பக்கத்துத் தண்ணீரும் அதே நீர்த்தேக்கத்தில்தான் சேர்கிறது. இன்னொரு பள்ளத்தாக்கில் சிவனொளிபாதமலை அடிவாரத்துத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு மஸ்கெலியா ஓயா மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. இரண்டு ஆறுகளும் பொல்பிட்டியவுக்கு அருகில் கூடும் இடத்திலிருந்துதான் களனி என்ற பெயர். 145 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆறு கித்துல்கல, அவிசாவளை, கடுவெல வழியாகக் கொழும்பின் வடக்கே கடலில் விழுகிறது.

ஹற்றன் நகரம் ஒரு நீர்ப்பிரி மேட்டில் நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஹற்றன் ஓயாவில் விழும் மழை மகாவலிக்குப் போய், 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் சேர்கிறது. சில கிலோமீற்றர் தள்ளி நோர்வூட் சரிவில் விழும் மழை கொழும்புக்குப் போகிறது. திருகோணமலைக் கடலுக்கும் கொழும்புக் கடலுக்கும் போகும் தண்ணீரை ஒரே ஊர் பிரித்து அனுப்புகிறது.

இந்தத் தண்ணீரின் விலையை முதலில் கணக்கிட்டவர் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர. 1918இல் இலங்கையின் நீர்மின் வளம் பற்றி அவர் கொடுத்த ஆய்வுக் கட்டுரை களனியின் இந்தத் தலைநீரைத்தான் முன்னிறுத்தியது. குடியேற்ற அரசு அதைப் பல ஆண்டுகள் இழுத்தடித்தது. கடைசியில் 1950இல் பழைய லக்சபான மின்நிலையம் வந்தது. 1965இல் காசல்ரீ அணையும் விமலசுரேந்திர மின்நிலையமும், 1969இல் மவுசாகலையும் பொல்பிட்டியவும், 1974இல் புதிய லக்சபானவும், 1983இல் கெனியனும் வந்தன. இன்று இந்தத் தொகுதியின் மொத்தக் கொள்ளளவு 350 மெகாவாட்டுக்கும் மேல். ஒரே தண்ணீர் படிப்படியாக இறங்கி, ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்குப் போய்த் திரும்பத் திரும்ப மின்சாரம் கொடுக்கிறது.

அணைகள் எழுந்த அந்த 1960களில் சுற்றியிருந்த தோட்டங்களில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே இல்லை. 1948 சட்டம் அதைப் பறித்திருந்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை இரண்டு நாடுகளுக்குமிடையே எண்ணிக்கையாகப் பங்குபோட்டுக்கொண்டிருந்தது. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலைக்குள் மூழ்கியது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். ஊரவர் இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள். பத்திரிகைகள் படம் போடும். அணை கட்ட வேண்டுமா, எங்கே கட்ட வேண்டும், அதற்கு ஈடாக என்ன வேண்டும் என்று வாக்குச்சீட்டு வைத்துக் கேட்கும் உரிமை அந்தக் கரைகளில் இருந்த பெரும்பாலோருக்கு அப்போது இருக்கவில்லை.

ஓர் இடைச்செருகல். கீழே கித்துல்கலவில்தான் 1957இல் வெளிவந்த 'க்வாய் நதிப் பாலம்' படத்தை எடுத்தார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் இன்றும் அந்த இடத்தைக் காட்டுகிறார்கள். படத்தில் ஜப்பானிய இராணுவத்துக்காகச் சயாம் ரயில்பாதை போடுபவர்கள் ஆங்கிலேயக் கைதிகள். உண்மையில் அந்தப் பாதையில் செத்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மிகப் பெருந்தொகை. படத்தில் அவர்களுக்கு இடமில்லை. தோட்டத் தமிழர் இறைத்துவிட்ட ஆற்றிலேயே தோட்டத் தமிழர் இல்லாத கதையை எடுத்திருக்கிறார்கள்.

*

தண்ணீரில் என்ன இருக்கிறது?

முதலில் மண். பொகவந்தலாவை முதல் நோர்வூட் வரை கெசல்கமுவ ஓயாவின் கரையோரங்களில் சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வு நடப்பதும், பொலிஸார் ஆட்களைப் பிடிப்பதும், நீதிமன்றம் தண்டம் விதிப்பதும், மறுபடி தோண்டுவதும் பல வருடங்களாகச் செய்தியாகி வருகின்றன. மண்ணுக்கடியில் 'இல்லம்' என்று சொல்லப்படும் கல்லும் சரளையும் கலந்த அடுக்கை எடுத்து, ஆற்றில் வைத்துக் கழுவிப் பார்ப்பார்கள். கல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கழுவிய சேறு ஆற்றுக்குத்தான். கரை இடிந்து ஆறு அகலமாகிறது. சேறு காசல்ரீயின் அடியில் போய்ப் படிகிறது. நீர்த்தேக்கத்தின் அடியில் சேரும் ஒவ்வொரு அடி மண்ணும் மின்சார சபைக்கு இழப்பு. பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்து இளைஞர்கள். கல்லை வாங்கிக்கொண்டு போகிறவர் யார் என்று செய்தியில் ஒருபோதும் வருவதில்லை.

மண் கலந்த தண்ணீர் பார்ப்பதற்கு அசிங்கம் என்பதோடு விஷயம் முடிவதில்லை. கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. கிருமிகள் மண்துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். சிறிய தண்ணீர்த் தாங்கியில் மாதத்துக்கொரு தடவை பிளீச்சிங் தூள் போட்டுவிட்டுப் போகும் இடங்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது மனிதக் கழிவு. லயங்களின் குழிக் கக்கூசுகள் சரிவில் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே இன்னொரு லயம், அதற்குக் கீழே இன்னொரு ஓடை. மேல் டிவிசனின் கழிவு கீழ் டிவிசனின் ஊற்றுக்கு வருவதற்கு அதிக தூரம் இல்லை. மாட்டுப் பட்டிகளும் ஓடைக்கரையிலேயே. தண்ணீரை அப்படியே குடிக்கலாமா என்பதற்கு உலகம் முழுவதும் பார்க்கும் முதல் அடையாளம் ஈ.கோலி என்ற குடற்கிருமி. இலங்கைக் குடிநீர் நியமத்தின்படி 100 மில்லிலீற்றரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மூன்றாவது உரமும் மருந்தும். தேயிலைக்குப் போடும் யூரியாவில் செடி எடுத்தது போக மிச்சம் மழையோடு ஓடிவிடும். அது நைத்திரேற்றாகித் தண்ணீரில் கரையும். இலங்கை நியமத்தில் அதன் எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். யாழ்ப்பாணத்தில் தோட்டக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு நைத்திரேற்று என்ற சொல் புதிதல்ல. மலையகத்தில் ஆறு ஓடிக்கொண்டிருப்பதால் அங்கே கிணற்றில் தேங்குவதுபோல் தேங்காது. ஆனால் நீர்த்தேக்கத்தில் தேங்கும். 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நச்சுப் பாசி பூத்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். களைக்கொல்லியின் கதை வேறு. கிளைபோசேற்றை 2015இல் தடைசெய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். 2021இல் இரசாயன உரத்தையே ஒரே இரவில் நிறுத்தி, அதே வருடம் நவம்பரில் பின்வாங்கினார்கள். இத்தனை வர்த்தமானிகளுக்கு நடுவிலும், மருந்து அடிக்கிற மலைக்குக் கீழே இருக்கிற பீலியில் அந்த மருந்து எவ்வளவு வருகிறது என்று பார்த்துப் பெரியம்மாவின் லயத்துக்கு ஒருவரும் ஒரு தாளும் கொண்டுவந்ததில்லை. வழமையான நீர்ப் பரிசோதனையில் பூச்சிமருந்து, களைக்கொல்லி எதுவும் சேர்வதில்லை. அவற்றுக்குத் தனி ஆய்வுகூடமும் தனிச் செலவும் தேவை.

கடைசியாகக் குப்பை. சிவனொளிபாதமலைப் பருவத்தில், மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை, ஹற்றன் - நோர்வூட் - மஸ்கெலியா வீதியால் இலட்சக்கணக்கானவர்கள் நல்லதண்ணிக்குப் போகிறார்கள். ஊரின் பெயரே நல்ல தண்ணி. பருவம் முடியும்போது அந்த ஓடைகளில் கிடக்கும் பிளாஸ்டிக் போத்தல்களைப் பார்த்தால் அந்தப் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். குப்பையைப் பற்றி எழுதும்போதெல்லாம் தோட்டத்து மக்களுக்குச் 'சுகாதார விழிப்புணர்வு' இல்லை என்று முடிப்பது நம் பத்திரிகைகளின் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. குப்பை வண்டி வராத இடத்தில் குப்பை எங்கே போகும்? வண்டி ஏன் வரவில்லை என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருந்தது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் பிரதேச சபை பணம் செலவழிப்பதைத் தடுத்துக்கொண்டிருந்தது. தோட்டம் தனியார் நிர்வாகத்தின் இடம் என்பது காரணம். வாக்கு மட்டும் பிரதேச சபைக்குப் போடலாம். சபையின் றோட்டும் விளக்கும் குப்பை வண்டியும் லயத்து வாசலுக்கு வராது. முப்பது வருடங்களுக்குப் பிறகு 2018இல்தான் அந்தத் தடையைத் திருத்தம் செய்து நீக்கினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் பிரமாண்டமான அம்பகமுவ சபையைப் பிரித்து நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் தனிப் பிரதேச சபைகள் கொடுத்தார்கள். சட்டம் திறந்துவிட்டது. தேவையான பணமும் ஆளணியும் கூடவே வரவில்லை.

தோட்டத்துத் தண்ணீருக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் இன்றும் பதில் சுற்றிச் சுற்றித்தான் வருகிறது. நிலம் அரசின் நிலம். 1992இலிருந்து நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம். வீட்டுத்திட்டமும் நலன்புரியும் ட்ரஸ்ட் என்று மக்கள் சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திடம். நகரத்துக் குழாய் நீர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம். கிராமத்துச் சிறு திட்டங்கள் இன்னொரு திணைக்களத்திடம். ஆற்றில் கழிவு போனால் மத்திய சுற்றாடல் அதிகார சபை. கல் தோண்டினால் மாணிக்கக்கல் ஆபரண அதிகார சபை. இத்தனை பேர் இருந்தும், பெரியம்மாவின் பீலிக்கு மேலே ஊற்றைச் சுற்றி ஒரு கம்பிவேலி போட ஆள் இல்லை.

2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட் மைதானத்தில் பேசினார். அன்றைய கூட்டத்தைப் பற்றி ஊரில் இன்னும் கதைக்கிறார்கள். 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. நல்ல விடயம்தான். ஆனால் வைத்தியசாலைக்கு வயிற்றோட்டத்தோடு வரும் பிள்ளை எந்தத் தண்ணீரைக் குடித்தது என்பது வைத்தியசாலைக்குள் தீரும் விடயமல்ல. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை சுகாதார மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளவில் 17 வீதம், தோட்டத்துறையில் ஏறக்குறைய 32 வீதம். இதை உணவுக் குறைபாடு என்று மட்டும் வாசிக்கிறோம். திரும்பத் திரும்ப வரும் குடல்தொற்று சாப்பிட்டதை உடம்பில் ஒட்டவிடாது என்பதை மருத்துவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். சோறும் தண்ணீரும் ஒரே கணக்கு.

*

இப்போது கீழே, ஆற்றின் கால்மாட்டுக்குப் போவோம். கொழும்புப் பெருநகரின் குடிநீரில் 80 வீதமளவு களனியிலிருந்து, முக்கியமாக அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். 2015 ஓகஸ்ட்டில் பியகமப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றிலிருந்து டீசல் கசிந்து ஆற்றில் கலந்தது. உடனே தெரியவந்தது. நீர் எடுப்பது நிறுத்தப்பட்டது. அதிகார சபை அந்தத் தொழிற்சாலையின் சுற்றாடல் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தியது. செய்தி மும்மொழியிலும் வந்தது. நடக்க வேண்டியதுதான் நடந்தது. ஏன் நடந்தது? அங்கே ஒருவர் எந்நேரமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முறைப்பாடு வருமுன்பே அவருக்குத் தெரியும். மேலே நோர்வூட்டில் ஆறு காலையில் பால் தேத்தண்ணியாக வந்தால் அதைப் பார்ப்பது வெற்றிலைக் கடைக்காரர் மட்டும்தான். அவர் எழுதிவைப்பதில்லை. எழுதிவைத்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

அளப்பவர் இருக்கும் ஆற்றுக்கும் இல்லாத ஆற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை யோசிக்கும்போது எனக்கு ஜப்பானின் ஜின்சு ஆறு நினைவுக்கு வருகிறது. கிஃபு மாகாண மலைகளில் பிறந்து தொயாமா வயல்வெளியைக் கடந்து கடலில் சேரும் 120 கிலோமீற்றர் ஆறு அது. களனியைவிடச் சிறியது. மேலே கமியோக்காவில் மிட்சுயி கம்பனியின் துத்தநாகச் சுரங்கம். சுரங்கக் கழிவிலிருந்து கட்மியம் என்ற உலோகம் ஆற்றில் இறங்கியது. கீழே அந்தத் தண்ணீரில் நெல் விளைந்தது. பல வருடங்கள் அதைச் சாப்பிட்டவர்களின், பெரும்பாலும் பிள்ளை பெற்ற நடுவயதுப் பெண்களின், எலும்புகள் இருமினாலே முறியுமளவுக்கு நொய்ந்துபோயின. அவர்கள் கத்தியதே நோயின் பெயராயிற்று: இத்தாய் இத்தாய், அதாவது வலிக்குது வலிக்குது. ஊர் வைத்தியர் ஹகினோ நொபொரு 1950களின் கடைசியிலேயே சுரங்கத்தைக் கை காட்டினார். பட்டினியால் வரும் நோய் என்றும் விளம்பரம் தேடுகிறார் என்றும் அவரை ஏசினார்கள். 1968இல்தான் அரசு அதைச் சூழல் மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. 1971இல் தொயாமா நீதிமன்றத்திலும் 1972இல் மேன்முறையீட்டிலும் ஊரவர்கள் வென்றார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஊரவர்கள் நட்டஈட்டோடு வீட்டுக்குப் போகவில்லை. கம்பனியிடம் ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். தாங்கள் நினைக்கும்போது, தாங்கள் தெரிவுசெய்யும் விஞ்ஞானிகளோடு, கம்பனியின் செலவில் சுரங்கத்துக்குள் போய்ச் சோதிக்கலாம் என்பது அதில் ஒரு விதி. 1972இலிருந்து ஒவ்வொரு வருடமும் விவசாயிகள் வரிசையாகச் சுரங்கத்துக்குள் போனார்கள். முதலில் கத்திக்கொண்டு போனவர்கள், போகப்போகக் குழாயையும் கணக்கையும் வாசிக்கப் பழகினார்கள். ஆற்றில் கட்மியம் இயற்கை அளவுக்குக் கிட்ட வந்தது. நஞ்சேறிய வயல்மண்ணை மாற்றும் வேலை 2012இல்தான் முடிந்தது. கடைசித் தீர்வு உடன்படிக்கை 2013 டிசெம்பரில் கையெழுத்தானது.

நோர்வூட்டில் கட்மியம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படி வாசித்துவிட வேண்டாம். ஜின்சுக் கரையில் கிடைத்த ஒரு விடயத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன்: அளக்கும் உரிமை ஆற்றங்கரையில் இருப்பவரின் கைக்கு வந்தது. இன்று ஜப்பானில் 109 முதல்தர ஆற்றுத் தொகுதிகளின் தரத்தை வருடாவருடம் வெளியிடுகிறார்கள். உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி என்ற அளவு ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குள் என்றால் மிக உயர்ந்த தரம், 2 என்றால் அடுத்தது. தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஒட்சிசன் தேவைப்படுகிறது என்பதே அந்த அளவு. கூடினால் அழுக்குக் கூடுதல். பாடசாலைப் பிள்ளைக்கும் விளங்கும்.

இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்றால் சுன்னாகத்தை எடுங்கள். கிணற்றில் எண்ணெய் மிதக்கிறது என்று சனங்கள் வாளியோடு வந்து காட்டினார்கள். நிபுணர் குழு ஒன்று ஆபத்தில்லை என்றது. எந்த அறிக்கையை நம்புவது என்று தெரியாமல் மாதக்கணக்கில் பவுசருக்குக் காத்திருந்தோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா செலுத்தச் சொன்னது. வழக்கைப் போட்டவர் தெற்கைச் சேர்ந்த ஒரு சுற்றாடல் ஆர்வலர். அந்தத் தொகை போதுமா என்பது வேறு வாதம். ஆனால் சுத்தமான தண்ணீர் பற்றி இந்த நாட்டின் உச்ச மன்றம் வைத்த ஒரு தீர்ப்பு நம் கையில் இருக்கிறது. அதைச் சுன்னாகத்துக்கு மட்டும் உரியதாக ஏன் வைத்திருக்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. வடக்கில் தண்ணீருக்காகப் போராடியவர்களும் நோர்வூட்டில் பீலியடியில் நிற்பவர்களும் ஒரு தடவைகூட ஒரே மேடையில் இருந்ததை நான் பார்க்கவில்லை. இத்தனைக்கும் இரண்டு இடத்திலும் இருப்பது சில வேளை ஒரே குடும்பம்.

நானும் ஒரு தகவல் கேட்டுப் பார்த்தேன். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 14 வேலைநாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஓர் அரச அலுவலகத்தில், நோர்வூட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களின் குடிநீர்ப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். நாற்பது நாளுக்கு மேல் கழித்துச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. தோட்டத் தண்ணீர் தங்கள் விடயப்பரப்பில் இல்லை என்பது அதன் சாரம். கோபப்பட்டு என்ன செய்வது? அதுவும் ஒரு பதில்தான்.

பெரிய குழாய்த்திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் இருக்கின்றன. ஊற்றுக்கு மேலே குறிப்பிட்ட தூரத்துக்கு உரமும் மருந்தும் போடாமல் விட்டு, மரம் வைத்து, வேலி போடலாம். தாங்கிக்கு மூடி போடலாம். வருடத்துக்கு இரண்டு தடவை, ஒன்று வரட்சியில், ஒன்று தென்மேல் பருவமழையின் முதல் கிழமையில், தண்ணீரைச் சோதித்து முடிவைத் தமிழில் பிரட்டுக்களத்திலும் பிள்ளைக்காம்பராச் சுவரிலும் ஒட்டலாம். புதிய சட்டப்படி பிரதேச சபைக்கு இப்போது இதற்குச் செலவழிக்கத் தடையில்லை. மின்சாரமாகிற தண்ணீரின் வருமானத்தில் ஒரு துளியை அந்தத் தண்ணீர் வரும் சபைகளுக்குக் கொடுக்கலாம் என்றும் நான் நினைக்கிறேன். மலையகக் கட்சிகள் நாட்சம்பளத்துக்குப் பேசிய அளவில் நூற்றில் ஒன்றைக்கூட இதற்குப் பேசியதில்லை. சம்பளம் முக்கியம்தான். ஆனால் அந்தச் சம்பளத்தில் இப்போது பலர் போத்தல் தண்ணீர் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. களனி பெருகிக் கொழும்பின் புறநகர்கள் மூழ்கின. பெரியம்மாவின் லயத்தில் உயிர்ச்சேதம் இல்லை. ஊற்றிலிருந்து வரும் குழாய் மட்டும் மண்ணோடு போய்விட்டது. ஒன்பது நாட்கள் கூரைத் தகரத்து மழைத்தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்கள். பிறகு லயத்துப் பொடியன்களே புதுக்குழாய் வாங்கிப் பழைய இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு ஊற்றிலிருந்து இழுத்தார்கள். அந்தப் புது ஊற்று குடிக்க உகந்ததா என்று பார்க்க யாரும் வரவில்லை.

அதனால் இந்தமுறை போகும்போது மூன்று சின்னப் போத்தல்கள் கொண்டுபோனேன். 1982இல் இந்திய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த எளிய சோதனை அது. போத்தலுக்குள் ஒரு காகிதத் துண்டு இருக்கும். தண்ணீரை நிரப்பிச் சூடான இடத்தில் வைத்தால், மலக்கிருமிகள் இருந்தால் கறுக்கும். யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்யும் தோழி செய்து தந்தாள். இதை வைத்து ஓர் ஆற்றுக்குத் தீர்ப்பெழுத முடியாது, ஒரு சந்தேகத்தை மட்டும் கிளப்பலாம் என்று அவள் எச்சரித்துத்தான் தந்தாள். ஒன்றில் ஆற்றுத் தண்ணீர், ஒன்றில் பீலித் தண்ணீர், ஒன்றில் பெரியம்மா கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர். நோர்வூட் குளிரில் வேலை செய்யாது என்பதால் அடுப்புத் திட்டில் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

மறுநாள் மத்தியானம் ஆற்றுப் போத்தல் கறுத்துவிட்டது. பெரியம்மா ஆச்சரியப்படவில்லை. இரண்டாம் நாள் காலை கொழுந்துக் கூடையைக் கழுவ எழுந்தவர் என்னை எழுப்பினார். பீலித் தண்ணீரும் கறுத்திருந்தது. கொதித்த தண்ணீர் அப்படியே இருந்தது.

போத்தலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒங்க அம்மா சாகுற வரைக்கும் இந்தத் தண்ணியப் பத்தித்தானே புள்ள பேசுனா" என்றார். பிறகு கேட்டார்: "இந்த மாதிரி காகிதம் போட்டது இன்னும் இருக்கா? மேல்லயத்து ஆளுங்க வேற ஊத்துல எடுக்குறாங்க. அவுங்களுக்கும் ரெண்டு வச்சிட்டுப் போ."